விலை குறைந்த சிவப்பு ஒயினில் நல்லதாக எதை வாங்குவது?

ஆறு மாதமாகத் தேடுகிறேன், கட்டுப்படியாகும் விலையில் மனசுக்குப் பிடித்த சிவப்பு ஒயின் அமையவே இல்லை. காபர்னே சாவிஞ்ஞோன் என்ற திராட்சையில் செய்த ஒயின் நாலு பாட்டில் வாங்கினேன்; ஒவ்வொன்றும் நாக்கை வறட்டி ஈறைப் பிடித்தது. திறந்து ஒரு மணி நேரம் விட்டுவைத்தும் துவர்ப்பு அடங்கவில்லை. மெர்லோ என்ற இன்னொரு திராட்சையின் ஒயின் ஜாம் மாதிரி தித்தித்தது. பாட்டிலில் ஒட்டியிருந்த மெடல் ஸ்டிக்கரையும் நம்பிப் பார்த்தாயிற்று.

ஒரே ஒரு தடவை ஸ்பெயினின் ரியோஹா பகுதியில் செய்த 'கிரியான்சா' ரக ஒயின் குடித்தேன். 2 வருடம் முதிரவைத்தது, அதில் 1 வருடமாவது ஓக் பீப்பாயில். முதலில் செர்ரி வாசனை, விழுங்கிய பிறகு லேசாக வனிலா. அந்த ருசி இன்னும் நாக்கிலேயே இருக்கிறது. ஆனால் அடிக்கடி வாங்க எனக்குக் கட்டாது. போர்ச்சுகல் ஒயின்களை இன்னும் தொடவில்லை.

அந்த ரியோஹா சாயலில், அதைவிட மலிவாகக் கிடைக்க, லேபிளில் எந்தத் திராட்சை, எந்தப் பகுதி என்று பார்த்து வாங்கலாம்?