சீரியல் இயக்குநர்களோடு வேலை பார்த்தவர்கள், பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் எழுதுங்கள்

ஒரு இயக்குநர் காலமானால் பத்திரிகையில் வரும் குறிப்பைக் கவனித்திருப்பீர்கள். படங்களின் பெயர் பத்தி பத்தியாக வரும். கடைசியில் ‘சின்னத்திரையிலும் தடம் பதித்தார்’ என்று ஒரே வரி. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். சாலிகிராமம், வளசரவாக்கம் பக்கம் சீரியல் யூனிட்களில் உதவி இயக்குநராக இருந்தவன் நான். அந்த ஒரு வரிக்குள் ஒரு மனுஷனின் பாதி ஆயுசு கிடக்கிறது.

நான் அதிகமாக வேலை பார்த்தது ஒரே டைரக்டரிடம். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. படம் செய்து, அடுத்த படம் பாதியில் நின்றுபோய், சீரியலுக்கு வந்தவர். வந்ததும் அவர் முதலில் கேட்டது கேமராவைப் பற்றியோ சம்பளத்தைப் பற்றியோ இல்லை, “ஒரு நாளைக்கு எத்தனை நிமிஷம் எடுக்கணும்?” என்றுதான். அரை மணி நேர ஸ்லாட்டில் விளம்பரம் போக 22 நிமிஷம் கதை வேண்டும். சினிமாவில் ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று நிமிஷம் தேறினாலே நல்ல நாள். இங்கே காலையில் ஆரம்பித்து ராத்திரி பேக்கப் சொல்வதற்குள் ஏறக்குறைய ஒரு எபிசோடே கைக்கு வந்தாக வேண்டும்.

எப்படி வரும்? ஷூட்டிங் வீட்டின் கீழ்த்தளம் பெண் வீடு, மாடி மாப்பிள்ளை வீடு. திரைச்சீலையையும் சோபா உறையையும் மாற்றினால் அதே ஹால் வக்கீல் வீடாகிவிடும். ஆர்ட்டிஸ்ட் மேக்கப்பில் உட்கார்ந்திருக்கும்போதுதான் சீன் பேப்பர் வந்து சேரும். மாமியாராக நடிக்கும் அம்மா மதியம் வேறு சீரியலுக்குக் கிளம்ப வேண்டும். அதனால் மூன்று சீனில் அவருக்கு இருக்கிற க்ளோஸப் எல்லாவற்றையும் புடவை மாற்றி மாற்றி முதலிலேயே எடுத்துவிடுவோம். மருமகளின் க்ளோஸ் வரும்போது எதிரில் மாமியார் இருக்க மாட்டார். கேமராவுக்குப் பக்கத்தில் நான் நின்று வசனம் கொடுப்பேன், அந்தப் பெண் என் கண்ணைப் பார்த்து அழும். எந்த சீனில் எந்தத் தோடு, எந்த வாக்கியத்தில் கை உயர்ந்தது, முந்தானை எந்தப் பக்கம் இருந்தது என்பதெல்லாம் கண்டின்யூட்டி நோட்டில் இருக்கும். ஆனால் எந்த க்ளோஸ், எதிரில் நிற்பவரின் தோளும் தெரிகிற எந்த சஜஷன் ஷாட்டோடு சேரும், எங்கே வெட்டினால் அழுகை நிஜமாகத் தெரியும் என்பது அவர் மண்டையில் மட்டும்தான் இருந்தது. மானிட்டர் முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். தூங்குகிறார் என்று புது ஆட்கள் நினைப்பார்கள். ஓடாத எபிசோடை அவர் மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு சீன் சொல்கிறேன். மகன் விபத்தில் போய்விட்டான் என்று தாய்க்கு போன் வருகிறது. பேப்பரில் ஒரு பக்கத்துக்கு வசனம், கதறல், தலையில் அடித்துக்கொள்வது எல்லாம் இருந்தது. டைரக்டர் அதை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, அந்த அம்மாவிடம் ஒரு மளிகை லிஸ்ட்டைக் கொடுத்தார். கடைப் பையன் வாசலில் நிற்கிறான். போனை வைத்த பிறகு மீதி லிஸ்ட்டையும் அவனிடம் படித்து முடிக்க வேண்டும், அவ்வளவுதான். வசனம் எடுத்துக் கொடுக்கக் கூடாது, அதாவது பிராம்ப்ட் பண்ணக் கூடாது என்று எனக்குக் கண்டிப்பான உத்தரவு. துவரம்பருப்பு ஒரு கிலோ, புளி அரைக் கிலோ, மகனுக்குப் பிடித்த மிக்சர்... அந்த இடத்தில் அம்மாவுக்குக் குரல் நின்றது. யூனிட்டில் ஒருத்தரும் அசையவில்லை. வசனம் ஏன் குறைந்தது என்று கேள்வி வந்தபோது அவர் விட்டுக்கொடுக்கவில்லை. குறைந்த நிமிஷத்துக்கு ஈடாக மறுநாள் இன்னொரு சீன் சேர்த்து எடுத்தார். அதற்காக ராத்திரி வெகுநேரம் வரை எல்லோரும் இருந்தோம், ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை.

படத்தில் இப்படி ஒரு சீன் வந்திருந்தால் வருஷக்கணக்கில் பேசியிருப்பார்கள். இது ஒரு செவ்வாய்க்கிழமை ஓடியது, புதன்கிழமை அடுத்த எபிசோட்.

உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.

*

மயிலாப்பூர் வாசகி:

தம்பி, நான் ஷூட்டிங் பக்கமே போனதில்லை, ரசிகை மட்டும்தான். இருந்தாலும் கே. பாலசந்தரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் அப்பாவும் அவர் வேலை பார்த்த அதே ஏ.ஜி. ஆபீஸ்தான், அரசுக் கணக்குகளைப் பார்க்கிற அலுவலகம். ஆபீஸ் விட்டதும் ஒத்திகைக்குப் போகிற ஒரு கூட்டம் அந்தக் காலத்தில் அங்கே உண்டு என்பார். நாடகத்தில் இருந்து வந்தவர் 1965இல் ‘நீர்க்குமிழி’யை இயக்கினார். அதுவும் அவருடைய நாடகம்தான். அவர் எடுத்த தெலுங்குப் படம் ‘மரோ சரித்ரா’ அண்ணா சாலை சஃபையர் தியேட்டரில் 500 நாளைத் தாண்டி ஓடியபோது, தெலுங்கு தெரியாத எங்கள் கல்லூரிக் கூட்டமே திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தது.

நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது. 1930இல் பிறந்தவர். அறுபது வயதை ஒட்டி, பெயர், புகழ், விருது எல்லாம் வந்த பிறகு, டிவிக்கு வந்து ‘ரயில் சிநேகம்’ செய்தார். பிறகு ‘கையளவு மனசு’. அதில் நடிகை கீதா தன் பிள்ளைகளைப் பிரிகிற கட்டங்களில் எங்கள் வீட்டில் யாரும் எழுந்து தண்ணீர்கூடக் குடிக்க மாட்டோம். தன் ‘சிந்து பைரவி’ படத்தின் கதையை ‘சஹானா’ சீரியலில் தொடர்ந்தார். படம் கிடைக்காமல் வந்தவர் இல்லை அவர். நாலு சுவருக்குள் நாலு மனுஷரைப் பேசவைப்பது நாடகக்காரருக்குக் கைவந்த கலை, அதற்குத் தகுந்த இடம் டிவி என்று கண்டுகொண்டுதான் வந்தார் என்பது என் எண்ணம். அவருடைய மின்பிம்பங்கள் தயாரிப்பில் நாகா இயக்கிய ‘மர்மதேசம்’ ராத்திரிகள் உங்களுக்கும் ஞாபகம் இருக்குமே! 2014 டிசம்பரில் அவர் மறைந்தபோது நான் முதலில் நினைத்துக்கொண்டது படங்களை இல்லை, ‘கையளவு மனசு’ பார்த்த எங்கள் கூடத்தைத்தான்.

*

எடிட்டிங் மேஜை:

அம்மா சொன்னதோடு இன்னும் இரண்டு பேரைச் சேர்க்கிறேன். பாலசந்தரிடம் உதவியாளராக இருந்து, சீரியல்கள் இயக்கிப் பழகிய சமுத்திரக்கனிதான் 2009இல் ‘நாடோடிகள்’ கொடுத்தார். ‘மெட்டி ஒலி’ செய்த திருமுருகன் ‘எம் மகன்’ படத்தை 2006இல் எடுத்துவிட்டு மறுபடி ‘நாதஸ்வரம்’ சீரியலுக்கு வந்தார். அதன் ஆயிரமாவது எபிசோடை 2014இல் நேரலையாகவே ஒளிபரப்பினார். எடிட்டர் என்ற முறையில் சொல்கிறேன், அதைப் பார்த்து எனக்கு வயிற்றைப் பிசைந்தது. வெட்ட முடியாது, ஒட்ட முடியாது, யாராவது வசனத்தை மறந்தால் நாடே பார்க்கும். அத்தனை நடிகர்களையும் அடி பிசகாமல் நடத்திக் காட்டினார். டைரக்‌ஷன் என்றால் என்ன என்று கேட்பவர்களிடம் நான் காட்டுவது இதைத்தான்.

என் சொந்த அனுபவம் கொரோனா சமயத்தில் நடந்தது. 2020 மார்ச் 19 முதல் படப்பிடிப்பு எல்லாம் நின்றது. கையிருப்பு எபிசோடுகள் தீர்ந்து சேனல்கள் பழைய தொடர்களைத் திரும்பப் போட்டன. மே கடைசியில், அதிகபட்சம் 60 பேர் என்ற கணக்கில் சின்னத்திரைக்கு அனுமதி வந்தது. எங்கள் கதை நின்றிருந்த இடம் கல்யாண மண்டபம்! துணை நடிகர்கள் கிடையாது, மேளக்காரர் கிடையாது, மூத்த நடிகர்களை அழைக்கவும் முடியாது. எங்கள் சீரியலின் டைரக்டர் என்னிடம் பழைய கல்யாண எபிசோடுகளின் ரா ஃபுட்டேஜை, அதாவது வெட்டாத மூலப் பதிவைக் கேட்டார். நாங்கள் உட்கார்ந்து கூட்டத்தின் ரியாக்‌ஷன், அட்சதை போடும் கைகள், பந்தி ஷாட் எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்தோம். அந்த ஷாட்களின் லைட்டிங்குக்கும் பின்னணிச் சுவரின் நிறத்துக்கும் பொருந்துகிற மாதிரி மணமக்களை மட்டும் வைத்துப் புதிதாக எடுத்தார். தாலி முடியும் கை கேமராமேனின் அசிஸ்டண்டுடையது. எபிசோட் ஓடிய மறுநாள், “இந்த நேரத்தில் இத்தனை பேரைக் கூட்டலாமா?” என்று கோபமாகப் பல பேர் எழுதியிருந்தார்கள். டைரக்டர் அதை யூனிட் குரூப்பில் போட்டு, லைட்மேன் உட்பட எல்லோருக்கும் நன்றி சொல்லியிருந்தார்.