பச்சையான ரொம்காம் படத்த 15 வயசு பொண்ணு பாக்கலாமா, எத வச்சு முடிவு பண்றீங்க?

சாரல்

வணக்கம் மக்களே, கொஞ்சம் யோசனை வேணும். என் பொண்ணுக்கு 15 வயசு. அவ செட்டுல எல்லாரும் ஒரு அமெரிக்கன் ரொம்காம், அதாவது காதல் காமெடி படம், பத்தியே பேசிட்டு இருக்காங்க, லீவுல ஒரு ஃப்ரெண்ட் வீட்டுல நாலஞ்சு பேரு சேந்து பாக்கலாம்னு பிளான், நான் போகட்டுமாம்மான்னு கேட்டா. கேக்காமலேயே பாத்திருக்கலாம், ஆனா கேட்டா பாருங்க, அதனாலயே வேணாம்னு ஒத்த வார்த்தைல முடிக்க மனசு வரல.

படத்தோட பேர வேணும்னேதான் சொல்லல, சொன்னா பேச்சு அந்த ஒரு படத்துலயே நின்னுடும், இதே மாதிரி படம் இன்னும் நெறைய வரும்ல. அமெரிக்கா ரேட்டிங் ஆர் (R). காரணம்னு கீழ போட்டிருக்கறது பச்சையான செக்ஸ் ஜோக், படம் முழுக்க கெட்ட வார்த்தை, கொஞ்ச நேரம் நிர்வாணம், போதைப்பொருள். நேத்து ராத்திரி நானே உக்காந்து முழுசா பாத்தேன். ஒரு கல்யாணத்துக்கு வந்த எடத்துல ரெண்டு பேரு மொதல்ல சண்டை போட்டுட்டு அப்புறம் லவ் பண்றாங்க. நடுவுல ராத்திரி கடல்ல ட்ரெஸ் இல்லாம குளிக்கிறாங்க, துணிய எவனோ தூக்கிட்டுப் போயிட ரெண்டு பேரும் ஓடி வர்றாங்க, காமெடி சீன்தான் ஆனா நல்லாவே காட்டிடுறாங்க. ஹீரோயினோட ஃப்ரெண்ட் வாயத் தொறந்தா அந்தப் பேச்சு மட்டும்தான். ஒரு பார்ட்டில எல்லாரும் குடிச்சுட்டு கஞ்சா அடிக்கிறாங்க. மத்தபடி ஹீரோ நல்ல பையன், அவ வேணாம்னு சொன்னப்புறமும் விடாம தெனமும் அவ ஆபீஸ் வாசல்ல வந்து நின்னு, கடைசில எல்லார் முன்னாடியும் மைக் புடிச்சு ப்ரபோஸ் பண்ணி சேந்துடுறாங்க, அந்த முடிவு எனக்கே புடிச்சிருந்துச்சு.

வீட்டுக்காரர் சொல்றாரு, போன்ல வராததா இதுல வந்துடப் போகுது, விடுன்னு. எனக்கு அந்தக் கடல் சீனும் அந்த ஃப்ரெண்ட் பேசுற பேச்சும்தான் உறுத்துது. நீங்க எல்லாம் உங்க வீட்டுல எத வச்சு முடிவு பண்றீங்க?

---

நிலாமுற்றம்

மொதல்ல அந்த ஆர்-ங்கற எழுத்துக்கு எவ்வளவு மதிப்பு குடுக்கலாம்னு பாத்துடலாம் சாரல். அமெரிக்கால ஆர்னா 17 வயசுக்குக் கீழ இருக்கறவங்க பெத்தவங்களோட இல்லன்னா பொறுப்பான பெரியவங்களோட வந்தாதான் தியேட்டர்ல விடுவாங்க. பிரிட்டன்ல 15-னு தனியா ஒரு ரேட்டிங் இருக்கு, ஆர் வாங்கின காமெடி பல அங்க 15-னு தான் வெளியாகும், அதாவது உங்க பொண்ணு அங்க இருந்தா தானே டிக்கெட் வாங்கிட்டுப் போய் உக்காந்துக்கலாம். அதே மாதிரி படம் இந்தியால ஏ வாங்குனா 18 வயசு ஆகணும். படம் ஒண்ணுதான், புள்ளையும் ஒண்ணுதான், எழுத்துதான் ஊருக்கு ஊர் மாறுது. அதனால அந்த எழுத்த ஒரு எச்சரிக்கையா எடுத்துக்கலாம், அதுவே பதிலாயிடாது.

இன்னொன்னு, அமெரிக்கால கெட்ட வார்த்தைக்குன்னே ஒரு கணக்கு வச்சிருக்காங்க. செக்ஸ் சம்பந்தப்பட்ட ரொம்ப கடுமையான வார்த்தைய வெறும் கோவத்துல ஒரு தடவ சொன்னா ஆருக்கு ஒரு படி கீழ இருக்கற பிஜி-13 கிடைக்கலாம், ஒண்ணுக்கு மேல போனாலோ, அதே வார்த்தைய அந்தச் செயலையே சொல்றதுக்குப் பயன்படுத்துனாலோ பெரும்பாலும் ஆர். அப்போ வாய் மட்டும் மோசமா இருக்கற ஒரு சாதுவான படமும் ஆர்தான், உண்மையிலேயே கேவலமா பொண்ணுங்கள நடத்துற படமும் ஆர்தான். ரெண்டையும் பிரிச்சுக் காட்டறது கீழ இருக்கற அந்த காரண வரிதான், அத எப்பவும் படிங்க. அதுவும் போதாதுன்னா ஐஎம்டிபி-ங்கற சினிமா சைட்ல பேரன்ட்ஸ் கைடுன்னு ஒரு பகுதி இருக்கு, நிர்வாணம், வன்முறை, கெட்ட வார்த்தை, குடின்னு தனித்தனியா பிரிச்சு பாத்தவங்க எழுதியிருப்பாங்க. காமன் சென்ஸ் மீடியான்னு ஒரு சைட், அதுல பெத்தவங்க என்ன வயசு சொல்றாங்க, பசங்க என்ன வயசு சொல்றாங்கன்னு ரெண்டும் தனியா வரும், ரெண்டுக்கும் நடுவுல பெரிய இடைவெளி இருந்தா நான் விமர்சனங்கள உள்ள போய் படிப்பேன். பிரிட்டன்ல ரேட்டிங் குடுக்கற போர்டு பிபிஎஃப்சி-யும் தன்னோட சைட்ல படத்துல என்னென்ன இருக்குன்னு விளக்கமா போடுறாங்க, கதை தெரிஞ்சுடும் ஆனா நமக்கு அது பரவால்ல.

நீங்க முழுப் படமும் பாத்துட்டீங்க, இது எல்லாத்த விடவும் அதுதான் பெருசு. நெறைய பேரு டிரெய்லர் மட்டும் பாத்துட்டு முடிவு பண்றாங்க, டிரெய்லர்ல இந்த மாதிரி படத்தோட இனிப்பான பகுதி மட்டும்தான் இருக்கும்.

---

ஒத்தையடிப்பாதை

நான் ஸ்கூல்ல டீன் ஏஜ் பசங்களோட உக்காந்து பேசுற வேலைல இருக்கேன், அதனால இத கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுத்துக்கோங்க.

சாரல், நீங்க எழுதுனத ரெண்டு தடவ படிச்சேன். கடல் சீன் உறுத்துதுன்னு சொன்னீங்க, ஆனா அவ வேணாம்னு சொன்னப்புறமும் தெனமும் ஆபீஸ் வாசல்ல வந்து நிக்கிறான்ங்கறத நல்ல பையன்ங்கற வரியோட சேத்துப் போட்டுட்டுப் போயிட்டீங்க. எனக்கு இந்தப் படத்துல கவலை தர்ற எடம் அதுதான். ரெண்டு பேரும் விருப்பப்பட்டு தண்ணில எறங்குறாங்க, துணி போயிடுது, ஓடுறாங்க, இதுல யாருக்கும் யாரும் கெடுதல் பண்ணல, 15 வயசுப் புள்ளைக்கு அது கூச்சமா இருக்கும், சிரிப்பு வரும், அதோட முடிஞ்சுடும். ஆனா வேணாம்னா இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணுன்னு அர்த்தம், பத்து நாள் வாசல்ல நின்னா பதினோராவது நாள் காதல் வந்துடும், ஊரே பாக்க மைக்ல கேட்டா அவளால முடியாதுன்னு சொல்ல முடியாது, இத இசை போட்டு அழகா காட்டும்போது அது உள்ள போய் உக்காந்துடும். இதே சீனுக்கு எந்த போர்டும் எந்த ஊர்லயும் தனியா ஆர் குடுக்காது, ஏன்னா காட்டுறதுக்கு அதுல ஒண்ணுமே இல்ல. என்கிட்ட வர்ற பொண்ணுங்கள்ல சில பேரு, ஒருத்தன் இப்படி விடாம பின்னாடி வர்றான்னு சொல்லும்போது பயமா இருக்குன்னு சொல்றதுக்கு முன்னாடி அவன் அவ்வளவு லவ் பண்றான் போலன்னு ஆரம்பிக்கிறாங்க. அது எங்கேருந்து வந்துச்சுன்னு யோசிச்சுப் பாருங்க.

அதனால நான் ரொம்காம் பாக்கும்போது எவ்வளவு தோல் தெரியுதுன்னு கணக்கு பாக்கறதில்ல, சிரிப்பு யாரு மேல விழுதுன்னு பாப்பேன். ஒரு பையன் காண்டம் வாங்கப் போய் வாய் கொளறி நிக்கிறான்னா அது மனுஷ கூச்சம், சிரிக்கலாம், சொல்லப்போனா நல்லதுதான், பாதுகாப்புன்னு ஒண்ணு இருக்குன்னு பேச்சாவது வருது. குண்டா இருக்கற பொண்ணு ஒருத்தன ஆசைப்படுறதே ஜோக்குன்னா, ரெண்டு ஆம்பளைங்க கை கோத்துட்டுப் போறதே ஜோக்குன்னா, தெரியாம கேமரா வச்சு எடுத்தத ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் பாத்து சிரிக்கறதுதான் ஜோக்குன்னா அங்க எனக்குப் பிரச்சினை. பந்தயம் கட்டி ஒரு பொண்ண மடக்கறதுன்னு கதை இருந்தா, அந்தப் பந்தயம் தெரிய வரும்போது அவளோட கோவத்துக்கு படம் எவ்வளவு நேரம் குடுக்குதுன்னு பாப்பேன். ரெண்டு நிமிஷத்துல சாரி கேட்டு பாட்டு போட்டுட்டா அந்தக் கோவத்த படம் மதிக்கலன்னு அர்த்தம்.

குடிச்சுட்டு நடக்கற சீன்ல இன்னும் கவனம். ரெண்டு பேரும் நிதானத்துல இருக்காங்களா, ஒருத்தர் மட்டும் தள்ளாடுறாங்களா, அடுத்த நாள் காலைல அவளுக்கு எதுவும் ஞாபகம் இல்லங்கறத படம் காமெடியா எடுத்துக்குதா? நினைவில்லாத ஒரு ஆளால சம்மதம் சொல்லவே முடியாது, இத 15 வயசுல ஒரு புள்ளைக்கு யாராவது நேரா சொல்லியிருக்கணும், படம் பாக்குதோ இல்லையோ.

வயசு ஒரு பக்கம், புள்ள யாருங்கறது இன்னொரு பக்கம். 13-க்கும் 16-க்கும் நடுவுல மூணு வருஷம்தான், ஆனா 13 வயசுல பல பசங்க படத்துல வர்றத அப்படியே பெரியவங்க வாழ்க்கைன்னு எடுத்துக்கறாங்க, 16-ல இது சும்மா பில்டப்புன்னு கிண்டல் பண்ற அளவுக்கு வந்துடறாங்க. உங்க பொண்ணு கூட்டத்துல தனக்குப் புடிக்காதத புடிக்கலன்னு சொல்ற ஆளா? அதுக்கு என்ன பதில் வருதோ அதுதான் எனக்கு ரேட்டிங்க விட முக்கியம்.

---

கண்டிப்பானஅப்பா

மேல ரெண்டு பேரும் நல்லாதான் எழுதியிருக்கீங்க, ஆனா எனக்கு ஒத்துக்க முடியல. ரேட்டிங் ஊருக்கு ஊர் மாறுதுன்னா மாறட்டும், 15-ல இருந்து 18 வரைக்கும் எங்க சுத்துனாலும் சின்னப் புள்ளைங்களுக்கு இது இல்லன்னு எல்லாருமே சொல்றாங்கள்ல. என் பையனுக்கு 14, நான் விடல, கோவிச்சுக்கிட்டான், ரெண்டு வருஷம் கழிச்சு பாத்துக்கோ படம் எங்கயும் ஓடிப் போயிடாதுன்னு சொன்னேன்.

போன்ல எல்லாம் வருதே அப்புறம் எதுக்கு தடுக்கணும்னு உங்க வீட்டுக்காரர் சொல்றது எனக்கு சுத்தமா புரியல. போன்ல திருட்டுத்தனமா பாக்கறது வேற, நம்ம சரின்னு சொல்லி அனுப்பறது வேற. நம்ம சரின்னா அதுல வர்றதெல்லாம் அப்பா அம்மாவுக்கு ஓகேன்னு புள்ள எடுத்துக்கும்.

அதவிட முக்கியமா, இது உங்க வீட்டு முடிவு மட்டும் இல்ல சாரல். அஞ்சு புள்ளைங்க வர்றாங்க, அஞ்சு வீட்டுக்கும் தெரியுமா? நாளைக்கு வேற ஒரு அம்மா வந்து என் பொண்ணுக்கு இத ஏன் காட்டுனீங்கன்னு கேட்டா என்ன சொல்வீங்க? கூட்டமா பாக்கும்போது புடிக்கலன்னாலும் சிரிச்சாகணும், இல்லன்னா இன்னும் குழந்தைன்னு சொல்லிடுவாங்க, அந்த அழுத்தம் படத்த விட மோசம்.

---

வானவில்பென்சில்

அக்கா எனக்கு 19, பாக்கற பக்கத்துல இருந்து கொஞ்சம் முன்னாடிதான் வெளிய வந்தேன், அதனால சொல்றேன். உங்க பொண்ணு வயசுல நானும் ஃப்ரெண்ட்ஸோட இந்த மாதிரி படம் நெறைய பாத்தேன். நிர்வாண சீன் எதுவும் இப்ப ஞாபகத்துலயே இல்ல. மனசுல நின்னது என்னன்னா உலகத்துல எல்லாரும் எல்லாத்தையும் பண்ணிட்டாங்க நான் மட்டும்தான் பின்தங்கி இருக்கேன்ங்கற எண்ணம். அந்தப் படங்கள்ல காலேஜ் போறதுக்கு முன்னாடி மொத அனுபவம் முடிஞ்சாகணும்னு ரேஸ் மாதிரி ஓடுவாங்க, அது நெஜம்னு நம்பிட்டு ரொம்ப நாள் எனக்கு என்னமோ கொறைன்னு நெனச்சுட்டு இருந்தேன். கேக்க ஆளே இல்ல. அம்மாகிட்ட கேட்டா நீ எங்க பாத்தன்னுதான் மொதல்ல வரும்.

கண்டிப்பானஅப்பா சார் சொன்ன அந்த சிரிச்சாகணும்ங்கற விஷயம் நூத்துக்கு நூறு உண்மை. ஆனா அதுக்கு வேணாம்னு தடுக்கறது மட்டும் தீர்வு இல்ல சார். பொண்ணுகிட்ட முன்னாடியே சொல்லி வச்சிருங்க அக்கா, எப்ப வேணா ஒரு மெசேஜ் போடு, நான் போன் பண்ணி வீட்டுல வேலை இருக்கு வான்னு கூப்புடுறேன், அப்புறம் ஒரு கேள்வியும் கேக்க மாட்டேன்னு. அந்த ஒரு வசதி எனக்கு இருந்திருந்தா பாதிப் படத்துல எந்திரிச்சு வந்திருப்பேன்.

அப்புறம் தயவுசெஞ்சு படத்த நடுவுல நிறுத்தி நிறுத்தி பாடம் எடுக்காதீங்க. ரெண்டு நாள் விட்டு எங்கயாவது நடந்து போகும்போது, மூஞ்சிய பாத்துப் பேச வேண்டிய அவசியம் இல்லாத நேரத்துல, உனக்கு அந்த ஹீரோவ புடிச்சுதான்னு சும்மா கேளுங்க. அதுலயே எல்லாம் வந்துடும்.

---

சாரல்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஒத்தையடிப்பாதை, நீங்க சொன்னப்புறம் அந்த ஆபீஸ் வாசல் சீன்கள மட்டும் திரும்பப் போட்டுப் பாத்தேன். அவ ரெண்டு எடத்துல தெளிவா முடியாதுன்னு சொல்றா, ஒரு எடத்துல பின் வாசல் வழியா தப்பிச்சுப் போறா, அதுக்கும் சிரிப்பு இசைதான் போட்டிருக்காங்க.

பொண்ணுகிட்ட சாயங்காலம் பேசுனேன். ஒருத்தன் இப்படி வந்து நின்னா உனக்கு எப்படி இருக்கும்னு மட்டும் கேட்டேன், டக்குன்னு செக்யூரிட்டிய கூப்புடுவேன்மான்னு சொன்னா. மைக்ல ப்ரபோஸ் பண்ணா? ஐயோ க்ரிஞ்ச், அங்க வச்சு நோ சொல்லவே முடியாதேன்னா. எனக்கு பாதி பாரம் எறங்குச்சு. ஆனா குடிச்சுட்டு நினைவில்லாம இருக்கறப்போ சம்மதம்னு ஒண்ணு கெடையாதுன்னு சொன்னப்போ அமைதியாயிட்டா, இத யாரும் எங்களுக்கு சொன்னதில்லன்னா. அது பத்தியே ஒரு மணி நேரம் ஓடுச்சு.

கண்டிப்பானஅப்பா, நீங்க கேட்டது நியாயம்னு அந்த ஃப்ரெண்டோட அம்மாவுக்கும் போன் பண்ணுனேன். அவங்களுக்குப் படம் என்னன்னே தெரியல, அதோட அவங்க சின்னப் பொண்ணு, 12 வயசு, அவளும் கூட உக்காருவான்னு தெரிஞ்சுது. அதனால அங்க வேற படம்னு முடிவாயிடுச்சு. என் பொண்ணு மட்டும் இத இங்க வீட்டுல அவ பெரியப்பா பொண்ணோட பாக்கட்டும்னு சொல்லிட்டேன், அவளுக்கு 20 வயசு. நான் கூட உக்காரட்டுமான்னு கேட்டேன், அம்மா ப்ளீஸ்னு கும்பிட்டா, சரி நான் அடுத்த ரூம்ல இருந்துக்கறேன்.

---

நிலாமுற்றம்

சரியான முடிவு சாரல். ஒண்ணு மட்டும் செக் பண்ணிக்கோங்க, இந்த மாதிரி காமெடிக்கு சிலதுக்கு தியேட்டர் வெர்ஷன் தனியா, அன்ரேட்டட்னு இன்னொரு வெர்ஷன் தனியா இருக்கும். ரேட்டிங் போர்டு பாக்காத சீன் எல்லாம் அந்த ரெண்டாவதுல சேத்திருப்பாங்க, நீங்க படிச்ச காரண வரி அதுக்குப் பொருந்தாது. நீங்க பாத்த அதே வெர்ஷன்தான் அவங்களும் பாக்கறாங்களான்னு படத்தோட நீளத்த வச்சுப் பாத்துக்கோங்க. அப்படியே படம் பாக்கற ஆப்ல உங்க ப்ரொஃபைலுக்கு ஒரு பின் நம்பர் போட்டு, பொண்ணுக்கு அவ வயசுக்கு தனி ப்ரொஃபைல் வச்சிருங்க. ஒரு படம் முடிஞ்ச உடனே அடுத்தது தானா ஓட ஆரம்பிக்கும், அது என்ன படமா இருக்கும்னு சொல்ல முடியாது.

---

சாரல்

நீளம் பாத்துட்டேன், நான் பாத்த அதே தியேட்டர் வெர்ஷன்தான். தானா ஓடறதையும் ஆஃப் பண்ணிட்டேன். ஞாயித்துக்கிழமை பாக்கறாங்க.