சுவர் வழியே நடக்க ஒரு மேடை வேண்டும்

குன்னூர் பக்கம் இருப்பவர்கள் கொஞ்சம் உதவுங்கள். ஊர் விழாவில் சுவரைக் கடந்து போகும் மேஜிக் செய்கிறேன் என்று வாயை விட்டுவிட்டேன். 1914-இல் நியூயார்க்கில் மேஜிக் கலைஞர் ஹூடினி செங்கல் சுவரையே கடந்து காட்டினார். சுவருக்குக் கீழே விரித்த கம்பளத்துக்கு அடியில், மேடைப் பலகையில் ஒரு ரகசியக் கதவு. அது திறந்தால் கம்பளம் தொய்யும், அந்தச் சந்தில் ஊர்ந்துவிடலாம் என்பதுதான் பலரும் சொல்லும் விளக்கம். எங்கள் மண்டபத்திலோ சிமென்ட் மேடை. அது எங்கே தொய்வது?

சரி, மேலே பலகை மேடை போடலாம் என்றால், போன வாரம் வாங்கிய பிளைவுட் இந்த மூடுபனியில் நமத்த அப்பளம் மாதிரி நெளிந்து கிடக்கிறது. ஈரம் தாங்கும் பலகை, கிறீச்சிடாத கீல் இதெல்லாம் தெரிந்த ஆசாரி யாராவது இருக்கிறாரா? அப்புறம், ஒல்லியான தம்பி ஒருவனும் வேண்டும். என் தொப்பை அந்தச் சந்தில் நுழையாது.