அசோலா தொட்டியில் புகுந்த குட்டி இலை: மாட்டுக்குப் போடலாமா?

பின்கட்டுத்தோட்டம்:
திருத்துறைப்பூண்டி பக்கம். கொல்லையில் சில்பாலின் (கெட்டி பிளாஸ்டிக் ஷீட்) விரித்துத் தண்ணீர் கட்டி, மாட்டுத் தீவனத்துக்கு அசோலா என்ற மிதக்கும் செடி வளர்க்கிறேன். போன மாசம் வெளியிலிருந்து ஒரு வாளி விதை அசோலா வாங்கிக் கொட்டினேன், பிடித்தது சனி. எள்ளைவிடக் கொஞ்சம் பெரிசா, வழவழன்னு தட்டை இலை. அடியில மயிர் மாதிரி ஒரே ஒரு வேர். கையை விட்டா முழங்கை வரைக்கும் ஒட்டிக்கிட்டு வருது. தொட்டி வழிஞ்சு மீன் குட்டைக்கும் போயி, பாதியை மூடிடுச்சு. மாமியார், "பாசிதானே, தானாப் போயிடும்"ங்கிறாங்க. மருந்து அடிக்கணுமா?

கெண்டைக்காரன்:
அக்கா, மருந்துப் பக்கமே போகாதீங்க. மொத்தமும் ஒரே நேரத்துல செத்து அழுகினா தண்ணியில இருக்கிற ஆக்சிஜனை அதுவே தின்னுடும்.

இது பாசியே இல்லை, பூக்கிற செடி. வாத்துப்பாசின்னு சும்மா பேரு, லெம்னா. வேர் கொத்தா இருந்து இலைக்கு அடியில செவப்பு ஓடினா ஸ்பைரோடெல்லா, இதோட சொந்தக்காரச் செடி. அசோலா பெரணி ஜாதி, இலை செதில் செதிலா இருக்கும்.

சத்துத் தண்ணி கிடைச்சா ரெண்டு மூணு நாள்ல ரெட்டிப்பாகும். இன்னைக்குப் பாதிக் குட்டைன்னா மூணாம் நாள் முழுக் குட்டை. வெயில் உள்ளே இறங்காது, விடியக்காலைல மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். நான் "நாளைக்கு அள்ளிக்கலாம்"னு விட்டு ஒரே ராத்திரில நாப்பது கட்லா போச்சு.

காத்து ஒரு மூலைக்கு ஒதுக்குற நேரம் பார்த்து, ரெண்டு மூங்கில்ல கொசுவலையைக் கட்டி ரெண்டு பேரா இழுங்க. அப்புறம் நாலஞ்சு புல்லுக்கெண்டை விடுங்க, மிச்சத்தை மேஞ்சுடும். தொழுவம் கழுவுற தண்ணி குட்டைக்கு வருதா? வந்தா முதல்ல அதைத் திருப்புங்க. அதுதான் இதுக்கு விருந்து.

அசோலா தொட்டியைப் பிரிச்செடுக்கப் பார்க்காதீங்க, ஒரு இலை தங்கினாலும் போதும். காலி பண்ணி, ஷீட்டைக் கழுவி வெயில்ல காயவச்சு, நல்ல அசோலாவைக் கையால பொறுக்கிப் புதுசா விடுங்க.

அள்ளினதை மாட்டுக்கும் கோழிக்கும் தாராளமாப் போடலாம். ஆனா முக்கால்வாசிக்கு மேல தண்ணிதான், அதை நம்பித் தீவனத்தைக் குறைக்காதீங்க. சாக்கடைத் தண்ணில வளர்ந்ததுன்னா வேண்டவே வேண்டாம், ஈயம் காட்மியம் எல்லாத்தையும் உறிஞ்சி வச்சிருக்கும்.

பாங்காக்வாசி:
இதே குடும்பத்துல வேரே இல்லாத உல்ஃபியான்னு ஒண்ணு உண்டு, விரல்ல தேய்ச்சா ரவை மாதிரி நறநறக்கும். தாய்லாந்துல அதைக் குழம்பு வைக்கிறாங்க. பேரு கை-நாம், அதாவது தண்ணி முட்டை. சாப்பிட்டிருக்கேன், கீரை ருசிதான்.

பின்கட்டுத்தோட்டம்:
தம்பி, நேத்து காலைல ஏழு கூடை. தொழுவத் தண்ணியை வாழைக்குத் திருப்பியாச்சு. கோழி வெறுமனே போட்டதைத் திரும்பிக்கூடப் பார்க்கலை, தவிட்டுல பிசைஞ்சு வச்சதும் காலியாக்கிடுச்சு. வலையோட மறுமுனை யார் பிடிச்சாங்கன்னு நினைக்கிறீங்க? மாமியார்தான். புல்லுக்கெண்டைக் குஞ்சு எவ்வளவு நீளத்துல விடணும்?

கெண்டைக்காரன்:
விரல் நீளம் போதும். ஆனா குட்டையில விரால் இருக்கான்னு முதல்ல பாருங்க.