திருநெல்வேலி டவுன் தெருக்கள்ல ஃபிளாட் வந்த பொறவு: உங்க அனுபவம் சொல்லுங்க

ரதவீதிக்காரன்:
எங்க தெருவுல முற்றம் வச்ச பழைய வீட்டை இடிச்சு, கீழ ஸ்டில்ட் (வண்டி நிறுத்த தூண் மட்டும் உள்ள தளம்) விட்டு ஃபிளாட் கட்டினாங்க. அது எல்லாத் தெருவுலயும் நடக்குதுதான். போன ஆனியில பக்கத்து வீட்டு ஆச்சிக்கு ராத்திரி நெஞ்சுவலி. 108 வாகையடி முக்கு வரைக்கும் வந்துட்டு, தெருவுக்குள்ள நுழைய முடியல. குறுக்க ஒரு வெள்ளைக் கார், யாரோடதுன்னு ஒருத்தருக்கும் தெரியல. கேட்டைத் தட்டித் தட்டி, மேல இருந்து ஒரு தம்பி கைலியோட இறங்கி வாரதுக்குள்ள ஆச்சியை பிளாஸ்டிக் சேர்ல வச்சுத் தூக்கிட்டோம். அவன் காரை எடுக்கல. சாவியைப் பிடிச்சபடி முக்கு வரைக்கும் எங்க பின்னாடியே நடந்து வந்தான். ஆச்சி இப்ப நல்லா இருக்கா. அந்தப் பயல் முகந்தான் மறக்க மாட்டேங்குது.

மூணாவது_மாடி:
அண்ணாச்சி, ஃபிளாட்காரங்கன்னாலே கார்னு முடிவு பண்ணிடாதீங்க. நானும் டவுன்ல ஃபிளாட்லதான் இருக்கேன். சாமான் இறக்கின அன்னைக்கு எதிர்வீட்டுத் தாத்தா "எந்த ஊரும்மா"ன்னு கேக்கல, "எத்தன வண்டி"ன்னுதான் கேட்டாரு. ஒரு சைக்கிள்னு சொன்ன பொறவுதான் சிரிச்சாரு. வேலைக்கு ரத வீதிக்கு நடந்தே போறேன். இதே வீட்டை கே.டி.சி. நகர்ல வாங்கியிருந்தா ஸ்கூட்டி எடுத்து வண்ணாரப்பேட்டை, சுலோச்சனா முதலியார் பாலம், ஈரடுக்குப் பாலம்னு தினமும் நானும் நெரிசல்ல ஒரு ஆளு. அப்ப எங்களை ஊருக்கு வெளியதான் போகச் சொல்லுதீங்களா?

பிளான்_அண்ணாச்சி:
ரெண்டு பேரு சொல்லுததும் சரிதான். நான் படம் வரையுற ஆளு. ஒரு தடவை ஒரு சந்துல டேப் பிடிச்சுட்டு நிக்கேன், பால் வண்டியும் ஸ்கூல் வேனும் மூக்கோட மூக்கு இடிச்சுக்கிட்டு நிக்குது, ரெண்டு டிரைவரும் என்னை ரோடு அளக்க வந்த ஆபீசர்னு நினைச்சு ஞாயம் கேக்காங்க! சரி, விஷயத்துக்கு வாரேன். தமிழ்நாட்டு 2019 கட்டட விதிகள்ல சாதாரணக் கட்டடத்துக்கு எஃப்எஸ்ஐ, அதாவது மனையைப் போல எத்தனை மடங்கு கட்டலாங்கிற கணக்கு, 2. ஆயிரம் சதுர அடி மனையில ரெண்டாயிரம் கட்டலாம், ஸ்டில்ட் பார்க்கிங் அந்தக் கணக்குல வராது. வீட்டு அளவைப் பொறுத்து வண்டி நிறுத்த இடம் காட்டணும். அது மனைக்குள்ள உள்ள கணக்கு. பத்து மனையில பத்துக் கட்டடம் வந்தா தெரு தாங்குமான்னு ஒவ்வொரு படத்துலயும் தனித்தனியாப் பாத்தாத் தெரியாது, தெருவை மொத்தமா எடுத்துப் பாக்கணும். சின்னத் தெருன்னா ஒருவழி ஆக்கணும். ஒரு பக்கம் மட்டும் பார்க்கிங். கடைச் சரக்கை விடிகாலையில இறக்கிறணும். எல்லாத்துக்கும் மேல பஸ் வேணும். வேய்ந்தான்குளத்துல புது பஸ் ஸ்டாண்ட் வந்தது 2003-ல. 2018-ல ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டையும் இடிச்சுப் போட்டாங்க, அது வருஷக்கணக்கா மூடிக் கெடந்துச்சு. டவுன்ல குடியிருக்கவன் வெளியூர் பஸ் பிடிக்க ஆட்டோ தேடினான், இல்லன்னா பைக் வாங்கினான். வாங்கின பைக்கை விப்பானா? அதனால ஃபிளாட் வாங்குறவங்க முதல்ல பத்திரத்துல பார்க்கிங் உங்க பேர்ல...

ரதவீதிக்காரன்:
அண்ணாச்சி, நான் ஃபிளாட் வாங்கப் போறேன்னு எப்ப சொன்னேன்?

தேர்வடம்:
எங்க பக்கம் வேற கூத்து. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேருக்கு முந்தின நாள் ரத வீதியில உள்ள காரெல்லாம் எடுக்கச் சொல்லி மைக்ல கத்துதாங்க. எல்லாம் எங்க சந்துக்குள்ள வந்து அடைஞ்சிட்டு. எங்க அம்மா திண்ணையில உக்காந்து தேரைப் பாக்காம, கார் நம்பரா வாசிச்சுட்டு இருந்தா. பாதி நம்பர் வெளியூருன்னு சொன்னா. விருந்தாளிக வண்டி. உங்க ஸ்டில்ட்ல விருந்தாளிக்கு இடம் உண்டா, பிளான் அண்ணாச்சி?

பிளான்_அண்ணாச்சி:
படத்துல உண்டு. நேர்ல போய்ப் பாத்தா அங்கன ஜெனரேட்டர் நிக்கும்.

மூணாவது_மாடி:
எங்க கட்டடத்துல வாட்ச்மேன் கட்டில்.