மறு: ஃபிளட்டர் கற்றல் பக்கம் – ‘ஹாட் ரீலோடு’க்கு என்ன சொல்?

> ‘சூடான மீளேற்றம்’ என்றே வைத்துவிடலாமே.

வணக்கம்.

‘சூடான’ வேண்டாம், இதில் சூடு எங்கே வந்தது? செயலிகளை உருவாக்கும் கருவித்தொகுப்பான ஃபிளட்டரில், செயலி ஓடிக்கொண்டிருக்கும்போதே, மாற்றிய நிரல் அதன் மொழியான டார்ட்டை ஓட்டும் மெய்நிகர் எந்திரத்துக்குள் போய்ச் சேர்கிறது. பிறகு விட்ஜெட் மரம் (திரைக்கூறுகளின் அடுக்கு) மறுபடி எழுப்பப்படுகிறது. படிவத்தில் பாதி நிரப்பியிருந்தால் அந்தப் பாதி, அதாவது செயலியின் நிலை, அப்படியே இருக்கும். பெயரில் அதுதான் தெரிய வேண்டும். உலாவிகளால் ‘மீளேற்று’ ஏற்கெனவே பழகிய சொல். ஆகவே: நிலைகாப்பு மீளேற்றம்.

புதிதாகக் கற்பவர் தடுமாறுவதும் இங்கேதான். தொடக்கத்தில் ஒருமுறை மட்டும் ஓடும் இனிட்ஸ்டேட்டுக்குள் எண்ணியின் தொடக்க மதிப்பை 0-இலிருந்து 10 ஆக்கிவிட்டு முனையத்தில் சிறிய ‘ஆர்’ தட்டினால் திரையில் பழைய எண்ணே நிற்கும். பிழைச்செய்தியும் வராது. நிலையைக் காப்பதால் இனிட்ஸ்டேட் மறுபடி ஓடுவதில்லை. நிரல் தொடங்கும் இடமான மெயினுக்கும், வகுப்புக்குப் பொதுவான ஸ்டேட்டிக் புலங்களின் தொடக்க மதிப்புகளுக்கும் இதே கதைதான். பெரிய ‘ஆர்’ தட்ட வேண்டும்.

---

> நிலைகாப்பு மீளேற்றம்

நீளம்தான், ஆனாலும் எனக்குச் சம்மதம். பெரிய ‘ஆர்’ செய்வதற்கு என்ன பெயர், ஐயா? அதற்கும் ஆங்கிலத்தில் ‘ஹாட்’ ஒட்டிக்கொண்டிருக்கிறது (‘ஹாட் ரீஸ்டார்ட்’), நிலை மட்டும் போய்விடுகிறது. ‘நிலைநீக்க மறுதொடக்கம்’ எனலாமா? ஆண்ட்ராய்டு, ஐஃபோன் பக்கத்துக் கோட்லின், ஸ்விஃப்ட் மொழிக் கோப்புகளில் கை வைத்தால் இரண்டுமே உதவாது. செயலியை நிறுத்தி, முழுக்கக் கட்டி ஓட்ட வேண்டும். அதற்கு ‘முழுத் தொடக்கம்’ போதும்.

ஒன்று மட்டும்: சொல் முதலில் வரும் இடத்தில் ‘ஹாட் ரீலோடு’ என்றும் எழுதிவிடுங்கள். அதிகாரபூர்வ ஆவணத்தில் தேட அந்தப் பெயர்தான் உதவும்.

---

> நிலைநீக்க மறுதொடக்கம்

‘பணிநீக்கம்’ மாதிரி ஒலிக்கிறது. நிலை தொடக்க மதிப்புக்குத் திரும்புவதால் புதுநிலை மறுதொடக்கம் என்று வைப்போம். மூன்றையும் பக்கத்தில் ஏற்றுகிறேன். முதலிரண்டும் பிழைதிருத்த முறையில்தான் கிடைக்கும் என்ற குறிப்பும் சேரும்.

பக்கத்தில் பாடங்களுக்கான இணைப்புகளைச் சேர்ப்பவர்கள் கவனிக்க: பாடத்தின் மாதிரித் திட்டத்தில் திட்டத்தின் அமைப்புகள் உள்ள பப்ஸ்பெக் கோப்பைத் திறந்து, எஸ்டிகே (டார்ட் பதிப்பு) வரியின் கீழ்வரம்பைப் பாருங்கள். 2.12-க்குக் கீழே இருந்தால் அது நல்-பாதுகாப்புக்கு (மதிப்பே இல்லாத ‘நல்’ தரும் பிழைகளைத் தடுக்கும் வசதிக்கு) முந்தைய நிரல். 2023-இல் வந்த டார்ட் 3 அதை ஓட்ட மறுக்கும். பொத்தானுக்கு ‘ரெய்ஸ்டுபட்டன்’ என்று கண்டாலும் பழைய பாடம்தான், இப்போது எலிவேட்டட்பட்டன். இப்படிப்பட்டவற்றைப் ‘பழையது’ என்று குறித்து வைக்க வேண்டாம், எடுத்துவிடுங்கள். கற்பவர் குறிப்பைப் படிக்கமாட்டார், நிரலைத்தான் நகலெடுப்பார்.