பினாங்கில் ஒரு பிற்பகல்: மலை ரயிலா, ஜார்ஜ் டவுனா?

வணக்கம் நண்பர்களே. அடுத்த மாதம் சிங்கப்பூரில் இருந்து கிளம்பும் கப்பலில் அம்மா, அத்தையோடு போகிறோம். மலேசியாவின் பினாங்கில் மதியம் 1 மணிக்கு இறக்கிவிடுவார்கள், இரவு 7 மணிக்குள் திரும்ப ஏறிவிட வேண்டும். பெரியவர்கள் இருவருக்கும் மூட்டு வலி. வெயிலில் அரை மணி நேரம் நடந்தாலே "போதும்டா" என்பார்கள்.

சுவெட்டன்ஹாம் துறைமுகம் பினாங்கின் பழைய நகரமான ஜார்ஜ் டவுனை ஒட்டியே இருப்பதால் கார்ன்வாலிஸ் கோட்டை, குட்டி இந்தியா, குவீன் தெரு மகாமாரியம்மன் கோவில் எல்லாம் பக்கம்தான். 1833-இல் கட்டிய கோவில், அம்மா அதை விடவே மாட்டார். ஆனால் மதியம் நடை சாத்தியிருக்குமே, மாலையில் எத்தனை மணிக்குத் திறப்பார்கள்?

என் பையனுக்கு பினாங்கு மலை ரயில்தான் வேண்டுமாம். ரயில் கிளம்பும் ஆயர் ஈத்தாம் வரை கிராப் காரில் (செயலியில் அழைக்கும் வாடகைக் கார்) போய், வரிசையில் நின்று, ஏறி இறங்கி வர எவ்வளவு நேரம் பிடிக்கும்? மாலை நெரிசலில் மாட்டிக்கொண்டால் கப்பல் நமக்காக நிற்காது. கப்பல்காரர்களின் சுற்றுலா விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது, அது வேண்டாம்.

அப்புறம், நாசி கண்டார் (சோற்றோடு பலவகைக் கறிக்குழம்பு ஊற்றித் தரும் பினாங்கு உணவு) எந்தக் கடையில் சாப்பிடலாம்? அத்தை சுத்த சைவம், அவருக்கும் ஒரு கடை சொல்லுங்கள். சமீபத்தில் போனவர்கள் சொன்னால் நல்லது.